அடி வாங்கிய ஊரில் ஓவியம் எதற்கு?

அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் படிக்கும் டூகலூ கல்லூரியின் ஓவியத் தொகுப்பைப் பற்றி நான் பேச ஆரம்பித்தாலே நண்பர்கள் கேட்பது இதுதான்: "அவங்க அடி வாங்கிக்கிட்டிருந்த ஊர்ல ஓவியம் எதுக்கு?" அதுவும் பார்த்தவுடன் பிடிபடாத நவீன ஓவியம். ஒருமுறையாவது இதற்கு விளக்கமாகப் பதில் எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

டூகலூ, அமெரிக்காவின் தென் மாநிலமான மிசிசிப்பியில் ஜாக்சன் நகருக்கு வடக்கே, ஒரு காலத்தில் அடிமைகளை வைத்து வேலை வாங்கிய பண்ணை நிலத்தில் 1869இல் தொடங்கிய கல்லூரி. 1961 மார்ச் 27 அன்று அதன் மாணவர்கள் ஒன்பது பேர் முதலில் கறுப்பினத்தவருக்கான நூலகத்துக்குப் போய், அங்கே இருக்காது என்று தெரிந்த புத்தகங்களைக் கேட்டார்கள். இல்லை என்றதும், வெள்ளையர் மட்டுமே போகக்கூடிய நகர நூலகத்துக்கு வந்து, அலமாரியிலிருந்து புத்தகம் எடுத்து உட்கார்ந்து படித்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். போலீஸ் வந்து கைது செய்தது. அமைதியைக் குலைத்ததாக வழக்கு. இரண்டு நாள் கழித்து, நீதிமன்றத்துக்கு வெளியே அவர்களுக்காகக் கூடியவர்களைப் போலீஸ் தடியால் அடித்தது, நாய்களையும் ஏவியது.

1963 மே 28 அன்று ஜாக்சனின் வூல்வொர்த் கடையில் வெள்ளையருக்கு மட்டுமான உணவு கவுண்டரில் உட்கார்ந்த டூகலூ மாணவிகள் ஆன் மூடி, ஜோன் ட்ரம்பவர், பேராசிரியர் ஜான் சால்ட்டர் ஆகியோர் மேல் கும்பல் கெட்சப்பையும் சர்க்கரையையும் கொட்டியது. அந்தப் புகைப்படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஜூன் 12 அன்று கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய தலைவர் மெட்கர் எவர்ஸை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள்.

அதே 1963இல்தான் நியூயார்க்கில் ஓவியர்களும் விமர்சகர்களும் ஒரு குழுவாகச் சேர்ந்து டூகலூவுக்காகப் படைப்புகளைத் திரட்ட ஆரம்பித்தார்கள். விமர்சகர் டோர் ஆஷ்டன் அதில் முக்கியமானவர். பிகாபியா, ஜார்ஜ் கிராஸ், ராபர்ட் மதர்வெல், ஜேக்கப் லாரன்ஸ், ரொமேர் பியர்டன், அல்மா தாமஸ், எலிசபெத் கேட்லட் என்று நீளும் கலைஞர்களின் படைப்புகள் கொண்ட ஒரு தொகுப்பு கல்லூரிக்கு அமைந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து நின்று பார்க்கிற ஓர் இடம் மிசிசிப்பியில் வேண்டும் என்பதே அந்தக் குழுவின் கனவு.

நியூயார்க்காரர்கள் பெரிய மனதோடு கொடுத்தார்கள் என்று மட்டும் இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. கொடுத்தவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த ஓவியங்கள் தொங்கும் சுவர்களுக்கான விலையை ஏற்கெனவே நூலக நாற்காலியிலும் கவுண்டர் ஸ்டூலிலும் உட்கார்ந்து கொடுத்தவர்கள் இந்த மாணவர்கள்.

சரி, போராட்டத்தைச் சொல்லும் ஓவியங்களாகவே கேட்டு வாங்கியிருக்கலாமே, பிகாபியா போன்ற ஐரோப்பிய நவீன ஓவியர் எதற்கு? அன்று அந்த ஒன்பது பேர் கேட்டதும் தங்களைப் பற்றிய புத்தகங்களை மட்டும் இல்லையே. எந்தப் புத்தகத்தையும் எடுத்துப் படிக்கும் உரிமையைத்தான் கேட்டார்கள். தன் வலியை வரைந்த படத்தைத்தான் கறுப்பின மாணவர் பார்க்க வேண்டும் என்று நாமே வரம்பு போட்டால், அதுவும் ஒரு தனி நூலகம்தான். புரியாத ஓவியத்தின் முன்னால் சும்மா நின்று பார்க்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு.

ஒரு ஓவியமும் எந்த போலீஸ் தடியையும் தடுத்ததில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலையும் போராட்டமும் வேறு வேறு என்று அந்த மாணவர்கள் நினைக்கவில்லை. ஜாக்சனுக்கு வரவிருந்த கலைஞர்களுக்குக் கடிதம் எழுதி, நிறம் பார்த்து ஆளை உள்ளே விடும் அரங்கில் மேடை ஏறாதீர்கள் என்று கேட்டார்கள்; சிலர் நிகழ்ச்சியையே ரத்து செய்தார்கள். 1964 ஏப்ரலில் பாடகி ஜோன் பயஸ் பாடியது டூகலூ வளாகத்துச் சிற்றாலயத்தில். அன்று அங்கே யாரும் யாரையும் தனியாக உட்காரச் சொல்லவில்லை.