உருளைக்கிழங்கு போட்டால் உப்பு குறையுமா?

இத்தாலியன் சாசேஜ் (மசாலா சேர்த்து உறையில் அடைத்த கொத்திறைச்சி) போட்ட காய்கறி சூப்பில் உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போடுங்கள், உப்பையெல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று ஒரு குறிப்பு சுற்றுகிறது. அப்படி நடக்காது. கிழங்கு உப்பை மட்டும் பிரித்தெடுப்பதில்லை, உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் குடிக்கும், அவ்வளவுதான். வெந்ததும் கடித்துப் பாருங்கள்: கிழங்கும் கரிக்கும், சூப்பும் ஏறக்குறைய முன்போலவே கரிக்கும்.

சோம்பும் பூண்டும் மணக்கும் அந்தப் பன்றி இறைச்சி சாசேஜிலேயே உப்பு நிறைய இருக்கிறது. சமைக்காத 100 கிராமில் உப்பிலுள்ள சோடியம் மட்டும் சுமார் 700 மில்லிகிராம். டப்பா தக்காளியும் சூப் க்யூபும் தம் பங்குக்குச் சேர்க்கும். ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குள் சோடியம் என்பது உலக சுகாதார அமைப்பின் வரம்பு.

சரி, கரித்துவிட்டால்? வெந்நீர் ஊற்றி, உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ் கொட்டுங்கள். எலுமிச்சை பிழிந்தால் அது நாக்கைத்தான் ஏமாற்றும், உப்பு அப்படியே இருக்கும்.