அரிக்கமேட்டில் பாட்டில் உடைக்கிறவர்களுக்கு

புதுச்சேரியிலிருந்து தெற்கே நாலு கிலோமீட்டர்தான். அரியாங்குப்பம் வந்து, வீராம்பட்டினம் போகும் வழியில் காக்காயந்தோப்பில் இறங்கினால் அரிக்கமேடு. ஏற்றம் இல்லை, மூச்சு வாங்காது. மாமரமும் தென்னையுமாக நிழலிலேயே நடந்து, இடிந்து நிற்கும் செங்கல் சுவர்களைத் தாண்டினால் ஆற்றங்கரை வந்துவிடும். கரை மேட்டில் நின்றால் கீழே அரியாங்குப்பம் ஆறு, அலையாத்தி மரங்கள், கடல் பக்கமிருந்து வரும் காற்று. முட்டி வலிக்காரர்கள்கூட நடந்துவிடலாம். இந்த வட்டாரத்தில் இதைவிட நல்ல நடை எனக்குத் தெரியாது.

அந்த இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகவே இப்போது பயமாக இருக்கிறது. பாதை நெடுக பீர் பாட்டில் சில்லு. சுவர் ஓரம் பிளாஸ்டிக் தம்ளர், ஊறுகாய்ப் பாக்கெட், சிகரெட் துண்டு. நல்ல நிழல் உள்ள இடமாகப் பார்த்து உட்கார்ந்து குடிக்கிறார்கள். சரி, குடித்துத் தொலையட்டும். காலி பாட்டிலை ஏன் சுவரில் அடித்து உடைக்க வேண்டும்? என் அக்கா மகனின் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு ஒரு சில்லு உள்ளே இறங்கியது. ரத்தம் நிற்கவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு ரோடு வரைக்கும் வந்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அது என்ன மண் என்று தெரியுமா உங்களுக்கு? கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ஒரு கடல் வணிகக் குறிப்பில் 'பொதுகே' என்று ஒரு துறைமுகம் வருகிறது. ஆய்வாளர்கள் பலரும் அது இந்த இடம்தான் என்கிறார்கள். மத்தியதரைக் கடல் பக்கமிருந்து மதுவும் எண்ணெயும் வந்த ஜாடிகள், இத்தாலியில் செய்த சிவப்புக் கிண்ணங்கள், நம் தமிழ் பிராமி எழுத்து கீறிய பானை ஓடுகள் எல்லாம் இதே மண்ணுக்குள் ஒன்றாகக் கிடந்தன. 1945இல் ஆங்கிலேயத் தொல்லியல் ஆய்வாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டினார், அடுத்து 1947 முதல் 1950 வரை பிரெஞ்சுக்காரர் கசால், அப்புறம் 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியின் குழு. ரோமானிய ஜாடிகள் வருவதற்கு முன்பே இங்கே ஊர் இருந்தது என்று உறுதியாகச் சொன்னது பெக்லி குழுதான். கண்ணாடியைக் காய்ச்சி, நீளக் குழாயாக இழுத்து, பொடிப்பொடியாக வெட்டி மணி செய்த ஊர் இது. நம் ஊர்க் கைகள் கண்ணாடியில் அவ்வளவு நுணுக்கமான வேலை செய்த மண்ணில், இன்று பாட்டில் சில்லைக் கொட்டி வைத்திருக்கிறோம்.

இன்னொரு கூட்டம் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க ஒண்ணுமே இல்லையே" என்று சலித்துக்கொண்டு போகிறது. அவர்கள்மேல் எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள், கிடைத்த பொருள்கள் அருங்காட்சியகங்களுக்குப் போய்விட்டன. மேலே கண்ணுக்குத் தெரிவது அந்தச் சுவர்கள் மட்டும்தான். அவையும் 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் இருந்த கட்டடத்தின் மிச்சம். அதன்முன் நின்று ரீல்ஸ் எடுத்து, "ரோமானியர் கட்டிய கோட்டை" என்று போடுகிறார்கள். அதே சுவரில்தான் சாவியால் பெயரைக் கீறி இதயமும் வரைந்திருக்கிறார்கள். காலடியில் இருப்பது என்ன, எதிரில் நிற்பது என்ன என்று வருகிறவனுக்கு விளக்கிச் சொல்ல ஒழுங்கான ஏற்பாடு இருந்தால் இவர்களில் பாதிப் பேராவது கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பார்கள்.

கீழடியில் 2023இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். குடும்பம் குடும்பமாக ஜனம் போகிறது, பிள்ளைகள் பானை ஓட்டைக் கண் கொட்டாமல் பார்க்கிறார்கள். அதே ஜனம்தானே இங்கேயும் வருகிறது? உலகம் முழுக்க தொல்லியல் படிக்கிறவர்களுக்கு அரிக்கமேடு என்றால் தெரியும். கடற்கரைச் சாலையில் காலை நடை போகும் நம் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் இங்கே வந்தே இருக்க மாட்டார்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் குடியிருந்த வெள்ளை நகரத்துச் சுவருக்கு வருஷா வருஷம் மஞ்சள் அடிக்கத் தெரிகிறது. இந்த மேட்டில் நாலு குப்பைத் தொட்டி வைக்க ஏன் முடியவில்லை?

மழைக்காலம் வந்தால் கரை மண் கரைகிறது, பானை ஓடுகள் வெளியே தெரிகின்றன. ஓடு எது, பாட்டில் எது என்று பிரித்துப் பார்க்க வேண்டிய நிலைமை. பொறுப்பில் இருப்பவர்களிடம் நான் கேட்பது பெரிய திட்டம் எதுவும் இல்லை. சனி ஞாயிறு சாயங்காலம் இரண்டு காவலாளி. தமிழில், பிரெஞ்சில், ஆங்கிலத்தில், நின்று படிக்கிற மாதிரி, படத்தோடு நாலு பலகை. உடைந்த கண்ணாடியை வாரத்துக்கு ஒரு முறை கூட்டி அள்ள ஆள். மணியோ ஓடோ பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களைத் தடுக்க ஒரு குரல்.

குடிக்க வருகிறவர்களே, கடைகள் ஊரெங்கும் திறந்துதான் இருக்கின்றன, உட்கார்ந்து குடிக்க அங்கேயே இடமும் உண்டு. அங்கே குடியுங்கள். இங்கே வருவதாக இருந்தால் வெறுங்கையோடு வாருங்கள்.