பாவம் செய்ததால் புயல் வரவில்லை

கஜா பற்றி இத்தனை வருஷம் நான் எதுவும் எழுதவில்லை. 2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டி நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறிய புயல், பேராவூரணி பக்கம் எங்கள் தோப்பையும் விடவில்லை. விடிந்து போய்ப் பார்த்தால் எண்பத்து மூன்று மரத்தில் ஆறுதான் நின்றது. மற்றதெல்லாம் வேரோடு பெயர்ந்தும் நடுவில் முறிந்தும் ஒரே பக்கமாகத் தலைவைத்துக் கிடந்தன. அப்பா ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்து, பாளையிலிருந்த குரும்பைகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தார். தென்னங்கன்றை நாம் பிள்ளை என்று சொல்வது ஏன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

விசாரிக்க வந்தவர்கள் நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் "போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணீங்களோ" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். நான் யாருக்கு என்ன கெடுதல் செய்தேன் என்று ராத்திரி ராத்திரியாக அம்மாவிடம் கேட்டுக்கொண்டே இருந்து, அடுத்த மாசியில் போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு பேச்சின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அப்புறம் ஒரு நண்பன் வற்புறுத்தி, சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் நடக்கும் பத்து நாள் விபாசனா தியான வகுப்புக்கு அனுப்பி வைத்தான். பேச்சு கிடையாது, போன் கிடையாது, விடியற்காலை நாலு மணிக்கு மணி அடிப்பார்கள். முதலில் மூச்சைக் கவனிப்பது, பிறகு உடம்பைக் கவனிப்பது. அதிட்டானம் என்று ஒரு மணி நேரம் கை கால் அசைக்காமல் உட்கார வேண்டும். அரை மணியில் எனக்கு முழங்கால் பற்றி எரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்று இருந்தபோது ஒன்று தெரிந்தது: எரிச்சல் கொஞ்சம்தான், இன்னும் அரை மணி இருக்கிறதே, கால் போய்விடுமோ, எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று நான் உள்ளே ஓட்டிக்கொண்டிருந்த புலம்பல்தான் பெரிசு. புலம்பலை விட்டு எரிச்சலை மட்டும் பார்த்தேன். அது ஏறியது, இறங்கியது, இடம் மாறியது. கால் வலியோடேயே மனசு லேசானது. அப்பா இறந்த பிறகு முதல் முறையாக நான் சந்தோஷமாக இருந்தது அந்த வலிக்குள்தான்.

திரும்பி வந்து தேடிப் படித்தபோது புத்தரின் உபதேசத் தொகுப்பான சம்யுத்த நிகாயத்தில் இதையே புத்தர் இரண்டு அம்பு என்று சொல்லியிருப்பதைப் பார்த்தேன். உடம்பில் தைப்பது ஒன்று, மனசில் தைப்பது இன்னொன்று. அதே நூலில் சீவகர் என்ற துறவி, மனிதன் படுவதெல்லாம் முன்வினைதான் என்கிறார்களே, சரியா என்று கேட்கிறார். புத்தர் ஒத்துக்கொள்ளவில்லை. பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்வது, பருவ மாற்றம், முறையற்ற நடத்தை, பிறர் தாக்குவது என்று ஏழு காரணத்தைச் சொல்லி, வினையை எட்டாவதாக வைக்கிறார். பருவ மாற்றம் என்ற இடத்தில் புத்தகத்தை மூடிவைத்து அழுதேன். அப்பா இருக்கும்போது இது எனக்குத் தெரியாமல் போனதே.

இதெல்லாம் நமக்குப் புதுசும் இல்லை. உறையூர்க்காரரான புத்ததத்தர் என்ற பிக்கு காவிரிப்பூம்பட்டினத்து விகாரையில் உட்கார்ந்துதான் பாலி மொழியில் பௌத்த நூலுக்கு உரை எழுதினார்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துன்பம் நல்லதற்குத்தான், அதற்கு நன்றி சொல் என்று பௌத்தத்தின் பெயரால் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துக்கத்தைத் துக்கம் என்றே சொல்லித்தான் புத்தர் ஆரம்பிக்கிறார். நிவாரணத்துக்கு நான் நாலு முறை மனு கொடுத்தேன், தியானம் அதைத் தடுக்கவில்லை. கத்தாமல், கை நடுங்காமல் பேச முடிந்தது, அவ்வளவுதான்.

அம்மாவுக்குத் தியானம் எல்லாம் ஒத்துவராது. அதனால் ஒரு நாள் சாயங்காலம் படாசாரை கதையைச் சொன்னேன். புருஷனைப் பாம்பு கடித்து, கைக்குழந்தையைப் பருந்து தூக்கிப்போய், மூத்த பிள்ளை ஆற்றோடு போய், புயல்மழையில் வீடு இடிந்து பெற்றவர்களும் செத்து, சித்தம் கலங்கித் திரிந்து புத்தரிடம் வந்தவள். பிக்குணியான பின் ஒரு நாள் கால் கழுவிய தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவதைப் பார்த்து அவள் மனசு நின்றது. ராத்திரி விளக்குத் திரியை ஊசியால் உள்ளே இழுத்தாள். விளக்கு அணைந்தது, அவளுக்கு விடுதலை கிடைத்தது. பிக்குணிகளின் பாட்டுத் தொகுப்பான தேரிகாதையில் இதை அவளே சொல்கிறாள்.

அம்மா போர் குழாயடியில் கால் கழுவிக்கொண்டே கேட்டாள். கழுவி முடித்தும் நகரவில்லை. தண்ணீர் வாய்க்காலில் இறங்கி, அப்பாவுக்குப் பிறகு நாங்கள் வைத்த பிள்ளைகளின் பாத்திக்குள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு தம்பி?"

பிள்ளையைப் பறிகொடுத்த பொம்பளைகள் நிறைய பேர் அவளைத் தேடி வந்தார்கள்மா, அவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தாள் என்றேன்.

"அதையும் சொல்லு" என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.