மாநிலக் கல்லூரிக்கு முதலில் வேண்டியது சுண்ணாம்பு

சென்னை மாநிலக் கல்லூரியைப் பற்றி எழுத உட்காருபவர்கள் சி.வி. ராமனில் தொடங்கி சந்திரசேகரில் முடிப்பார்கள். நடுவில் உ.வே.சா. வருவார். இரண்டு நோபல் பரிசுக்காரர்கள் படித்த இடம், தமிழ்த் தாத்தா 1903 முதல் 1919 வரை பாடம் சொன்ன இடம். எல்லாம் உண்மைதான், எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதெல்லாம் எந்தச் சுவர்களுக்குள் நடந்ததோ அந்தச் சுவர்களைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. இந்தப் பதிவு சுவரைப் பற்றியது. கொஞ்சம் நீளம்.

முதலில் ஒரு விஷயம். இந்தக் கல்லூரி தன் வாழ்நாளின் முதல் முப்பது ஆண்டுகள் சொந்த வீடில்லாமல் இருந்தது. 1839இல் சென்னையின் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முன்னின்று, உயர்கல்வி வேண்டும் என்று ஏறத்தாழ 70,000 பேரின் கையொப்பத்தோடு ஆளுநர் எல்ஃபின்ஸ்டனிடம் மனு கொடுத்தார்கள். அதன் விளைவாக 1840 அக்டோபரில் எழும்பூரில் ‘எடின்பரோ ஹோம்’ என்ற வாடகைக் கட்டடத்தில் ஒரு பள்ளி தொடங்கியது. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த பவல் தலைமை ஏற்றார். அடுத்த ஆண்டே ஜாகை பாப்ஹாம்ஸ் பிராட்வேக்கு, அதாவது இன்றைய பிரகாசம் சாலைக்கு மாறியது. 1853இல் கல்லூரி வகுப்பு, 1855இல் மாநிலக் கல்லூரி என்ற பெயர், 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்ததும் அதன் கீழ். தனியாகச் சட்டக் கல்லூரி 1891இல் வரும்வரை சட்ட வகுப்பும் இங்கேதான் நடந்தது.

இதற்கு நடுவில்தான் இன்றைய மெரினா கடற்கரைக் கட்டடம் வந்தது. அரசு வடிவமைப்புப் போட்டி வைத்தது; பரிசு 3,000 ரூபாய். ஜெயித்தவர் இருபதுகளில் இருந்த ராபர்ட் சிஷோம். 1867இல் ஆளுநர் நேப்பியர் பிரபு அடிக்கல் நாட்ட, 1870இல் எடின்பரோ கோமகன் திறந்துவைத்தார். பின்னாளில் பக்கத்திலேயே பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸைக் கட்டியவரும் இதே சிஷோம்தான். கோபுரத்தில் நாலு முகம் காட்டும் ஃபைசன் கடிகாரம் நூற்றாண்டை ஒட்டி 1940இல் வந்தது. தாவரவியலாளராகவும் முதல்வராகவும் இருந்த ஃபைசனின் பெயர் அது.

ஒரு கட்டடத்துக்குப் போட்டி வைத்து வரைபடம் தேர்ந்தெடுத்த ஊர் இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று டெண்டர்தான்.

2022 பட்டமளிப்பு விழாவில், இதே கல்லூரியின் பழைய மாணவரும் அப்போது முதலமைச்சராக இருந்தவருமான மு.க. ஸ்டாலின் 2,000 இருக்கைகள் கொண்ட கலையரங்கத்தை அறிவித்தார். நல்லது. செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்றே பட்டப்படிப்பு நடத்தும் கல்லூரி இது, அவர்களுக்கு விடுதியும் வசதியும் வரவேண்டும். அதில் மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் அறிவிப்பு என்றாலே புதுக் கட்டடம்தான். பராமரிப்புக்கு ரிப்பன் வெட்ட முடியாது. வளாக வளர்ச்சி என்று நாம் சொல்வதில் பாதிப் பங்கு, 1870இல் கட்டியதை 2070க்குக் கொண்டுபோவதாக இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அந்தக் காலத்துச் சென்னைக் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும்தான். இரும்பும் சிமெண்டும் அரிது. கடலிலிருந்து நாலு எட்டில் இவை நூற்றைம்பது வருஷம் நிற்பதற்கு அதுவே காரணம். உப்புக் காற்று ஆர்.சி.சி.க்குள், அதாவது கம்பி வைத்த கான்கிரீட்டுக்குள் புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும், துரு ஊதிப் பெருத்து மேல்கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சுண்ணாம்புச் சுவரில் துருப்பிடிக்க ஒன்றும் இல்லை. ஈரம் உள்ளே போகும், வெயிலில் வெளியே வரும். சுவர் மூச்சு விடுகிறது.

இந்தச் சுவருக்குச் சிமெண்ட் பூசினால் என்ன நடக்கும்? முதல் இரண்டு வருஷம் பளிச்சென்று இருக்கும். ஒப்பந்ததாரர் பில் வாங்கிப் போய்விடுவார். தரையிலிருந்தும் விரிசல் வழியாகவும் ஏறும் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. அது சுமந்துவந்த உப்பு, பூச்சுக்குப் பின்னால் செங்கல்லுக்குள்ளேயே படிகமாகும். படிகம் விரியும்போது செங்கல்லின் முகம் பொடியாக உதிரும். ஒருநாள் பூச்சு பாளம் பாளமாக விழும்போது செங்கல்லின் அரை அங்குலமும் அதோடு சேர்ந்து வரும். “பழைய கல், சத்தில்லை” என்று சொல்லி மறுபடியும் சிமெண்டே பூசுவார்கள், அதுவும் இன்னும் கெட்டிக் கலவையில்! எமல்ஷன் பெயிண்டும் இதே வேலையைத்தான் செய்கிறது, கொஞ்சம் மெதுவாக. அங்கே அடிக்க வேண்டியது சுண்ணாம்பு வெள்ளை.

சரியான வேலை இப்படி: சிமெண்ட் பூச்சை உளியும் சுத்தியும் வைத்துக் கையால் எடுக்க வேண்டும், பிரேக்கர் மெஷின் கூடாது, கல்லையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். இணைப்புகளில் உதிர்ந்த காரையை இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்ட வேண்டும். உப்புப் பூத்த இடத்தில் காகிதக் கூழை நல்ல தண்ணீரில் குழைத்து அப்பி, அது காய்ந்து உப்பை உறிஞ்சியதும் எடுத்து எறிய வேண்டும். ஒரு தடவையில் தீராது, மூன்று நாலு தடவை. பிறகு சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று என்று கலவை. நீற்றிய சுண்ணாம்பைச் சல்லடையில் வடித்துத் தண்ணீருக்கடியில் சில வாரமாவது ஊறவிட வேண்டும். அவசரப்பட்டுப் பூசினால் நீறாத துகள்கள் சுவரில் போய் நீறி, கொப்புளமாக வெடிக்கும். மணலில் உப்பு இருக்கவே கூடாது. ஒரு தடவைப் பூச்சு 10 – 12 மில்லிமீட்டருக்கு மேல் போகாமல், ஈரச்சாக்குக் கட்டி இரண்டு வாரம் தண்ணீர் காட்ட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துத்தான் இறுகும். அதற்கு நாள் ஆகும். நிதியாண்டு முடிவதற்குள் பில் போட மார்ச் மாதத்தில் ஆரம்பிக்கும் வேலைக்கு அந்த நாள் எங்கே கிடைக்கும்?

சுவரைவிட மச்சு, அதாவது மொட்டைமாடித் தளம் முக்கியம், ஏனென்றால் கட்டடம் சாவது மேலிருந்துதான். ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று உலகமே இந்த ஊர்ப் பெயரால் சொல்லும் தளம் இது. தேக்குக் கட்டைகளை நெருக்கி வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சின்ன மெல்லிய செங்கற்களைக் குறுக்குச் சாய்வாக நிறுத்தி வைத்துக் காரையில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லிக் காரை போட்டுக் கட்டையால் அடிப்பார்கள். இன்றும் பொதுப்பணித்துறை விவரக்குறிப்பில் கூரையின் ஜல்லிக் காரைக்கு, 32 பங்கு 20 மி.மீ. செங்கல் ஜல்லிக்கு 12.5 பங்கு நீற்றிய சுண்ணாம்பு என்றுதான் இருக்கிறது, மணலே கிடையாது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, அடிக்கிற கட்டை எகிறித் திரும்பும்வரை நாள்கணக்கில் அடிக்க வேண்டும். மேலே தட்டோடு.

இதில் வரும் கேடு பெரும்பாலும் ஒரே இடத்தில்: கட்டையின் முனை சுவருக்குள் நுழையும் இடம். மழைநீர்க் குழாய் அடைத்துத் தண்ணீர் கைப்பிடிச்சுவர் ஓரமாகத் தேங்கும், சுவர் நனையும், முனை மக்கும், கரையான் வரும். கீழிருந்து பார்த்தால் கட்டை நன்றாகவே தெரியும். மெல்லிய ஊசிக்கம்பியால் முனையில் குத்திப் பார்த்தால்தான் உண்மை வெளிவரும். மக்கிய பகுதியை வெட்டிவிட்டுத் தேக்கிலேயே ஒட்டுப் போட்டு, முனையைச் சுற்றிக் காற்றோட இடைவெளி விட வேண்டும்.

நம் ஆட்கள் செய்வது வேறு. ஒழுகுகிறது என்றதும் மேலே 10 செ.மீ. கான்கிரீட். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 250 கிலோ, ஏற்கெனவே முனை மக்கிய கட்டையின் தலையில். அதற்கும் மேல் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி நாலைந்து, ஒவ்வொன்றும் ஒரு டன். ஏ.சி. எந்திரத்தின் தண்ணீர் சுவரோரமாகச் சொட்டும். இதையெல்லாம் செய்துவிட்டு, கட்டடம் பலவீனமாகிவிட்டது, இடிக்க வேண்டும் என்று அறிக்கை வரும்.

இப்படி விட்டுப்போன கட்டடத்தையும் மீட்கலாம் என்பதற்கு எங்கும் போக வேண்டாம், கல்லூரி இருக்கும் அதே சேப்பாக்கத்தில், ஆற்காடு நவாப்பின் பழைய அரண்மனையில் இருக்கிறது சாட்சி. 1920இல் கிண்டிக்குப் போகும்முன் பொறியியல் கல்லூரி இருந்த கலச மகால் 2012இல் தீயில் கருகியது. ஹுமாயூன் மகால் கூரை சரிந்து பாழாகக் கிடந்தது. இரண்டையும் பொதுப்பணித்துறையே மீட்டெடுத்தது. கை தெரிந்த கொத்தனாரும் இருக்கிறார்கள், அனுபவப்பட்ட பொறியாளரும் இருக்கிறார்கள். சாகும்வரை காத்திருக்காமல் ஆண்டுதோறும் கொஞ்சம் செய்யலாமே என்பதுதான் கேள்வி.

புதுக் கட்டடம் கட்டும்போதும் பழையதை நினைக்க வேண்டும். மெரினா ஓரத்தில் மணல் தரை, நிலத்தடி நீர் மேலேயே இருக்கும். அஸ்திவாரக் குழியில் ராப்பகலாக மோட்டார் போட்டு இறைத்தால் மணலும் சேர்ந்து போகும், பக்கத்துப் பழைய சுவர் இறங்கும். அஸ்திவாரத்துக்காக மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் தூணைத்தான் பைல் என்பார்கள்; அடித்து இறக்கும் பைலுக்குப் பதில் துளையிட்டு வார்க்கும் பைல்தான் சரி. வேலை தொடங்கும்முன் பழைய விரிசல்களின் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டித் தேதி எழுதி வைக்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் அன்றே வேலையை நிறுத்த வேண்டும். கடலோரத்தில் புதிய கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை கேட்பது குறைந்தது எம்30 தரம், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மறைப்பு. இது காகிதத்தில் எப்போதும் இருக்கும். கம்பிக்கடியில் வைக்கும் கவர் பிளாக்கை அளந்து பாருங்கள்.

வளாகச் சாலைகள் இன்னொரு தொல்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுத் தரைமட்டம் உயரும். கட்டடத்தின் பீடம் மண்ணுக்குள் போகும். மழைநீர் சுவர்ப்பக்கம் திரும்பும். பழைய கட்டடங்களில் படி எண்ணிக்கை குறைந்துகொண்டே வருவதைக் கவனித்திருப்பீர்கள்.

செலவு அதிகம் பிடிக்காத வேலை ஒன்று உண்டு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், ஆகஸ்ட் – செப்டம்பரில், இரண்டு ஆட்கள் மாடியேறி இலை தழையை அள்ளி, ஒவ்வொரு குழாயிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி, கீழே வருகிறதா என்று பார்க்க வேண்டும். மணிக்கு 100 மி.மீ. மழை கொட்டினால் 100 மி.மீ. விட்டமுள்ள குழாய் ஒன்று சுமார் 85 சதுர மீட்டர் கூரையைத்தான் தாங்கும்; ஒன்று அடைத்தாலும் அந்தப் பக்கம் குளம்தான். அப்படியே கைப்பிடிச்சுவரில் முளைத்த அரசங்கன்றையும் பார்க்கலாம். அரிவாளால் மேலே வெட்டினால் வேர் இன்னும் பருக்கும். விரல் மொத்தத்தில் இருக்கும்போதே காரையைத் திறந்து வேரோடு பிடுங்கி, ஓட்டையைச் சுண்ணாம்புக் கலவையால் அடைக்க வேண்டும். மணிக்கட்டு மொத்தம் ஆகிவிட்டால் அடிக்கட்டையில் துளைபோட்டுக் களைக்கொல்லி ஊற்றி, முழுக்கப் பட்டுப்போன பிறகுதான் கை வைக்க வேண்டும்.

முன்னாள் மாணவர் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். சிலை, வளைவு, கல்வெட்டு என்று பணம் திரட்டுவதற்கு முன், கல்லூரி அலுவலகத்தில் மூன்று தாள் கேளுங்கள்: கூரையின் வரைபடம், கடைசியாகக் குழாய் சுத்தம் செய்த தேதி, கடைசிப் பூச்சு வேலையின் கலவை விகிதம். மூன்றாவது தாளில் சிமெண்ட் என்று இருந்தால், அடுத்த டெண்டருக்கு முன்பே பொதுப்பணித்துறையின் பாரம்பரியக் கட்டடப் பிரிவுக்கு எழுதுங்கள். வேலை தொடங்கிய பிறகு எழுதினால் பாதிச் சுவர் பூசி முடிந்திருக்கும்.