ஓலை வாசிக்க ஆளில்லையாம், குற்றம் பெண்பிள்ளைகள் மேலாம்

எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்து கன்வென்ஷன் (சபைகளின் பிரசங்கக் கூட்டம்) மேடைகளில் கொஞ்ச நாளாக ஒரு புதுத் தலைப்பு ஓடுகிறது. முன்பெல்லாம் குடி, டிவி, செல்போன் என்று போகும். இப்போது "நம்ம பெண்பிள்ளைகள் கல்யாணமே வேண்டாம் என்கிறார்கள்." கேரள எல்லையில் இருக்கிற களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் தமிழில் சொல்கிறார்கள், பாறசாலைப் பக்கம் மலையாளத்தில் சொல்கிறார்கள், பிரசங்கம் ஒன்றுதான். படிப்பு கூடிப்போச்சு, சம்பளம் கூடிப்போச்சு, பணிவு போச்சு. முன்வரிசையில் இருக்கிற அம்மைமார் தலையாட்டுகிறார்கள். அதில் பாதிப் பேருக்கு வீட்டில் முப்பது தாண்டிய மகள் இருப்பாள்.

ஓலை வாசிப்பது, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபையில் முன்கூட்டி அறிவிப்பது, குறைந்திருக்கிறது என்பது உண்மைதான். எங்கள் சபையில் ஒரு காலத்தில் சித்திரை, ஆவணி மாதங்களில் ஞாயிறுதோறும் நாலைந்து ஓலை வாசிப்பார்கள். இப்போது அந்த இடத்தில் ஸ்தோத்திரக் காணிக்கைப் பட்டியல்தான் நீளுகிறது. ஆனால் இது நம் ஊர்ப் பெண்களின் அகங்காரத்தால் வந்தது என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. ஜப்பானில் 2020 கணக்கெடுப்புப்படி ஐம்பது வயதில் கல்யாணமே செய்யாத பெண்கள் ஏறக்குறைய 18 சதவீதம், ஆண்கள் 28 சதவீதம். அமெரிக்காவில் 1980-இல் நாற்பது வயதுக்காரர்களில் கல்யாணம் ஆகாதவர்கள் 6 சதவீதம்தான். 2021-இல் அது 25 சதவீதம். சபையே அபூர்வமான தேசத்திலும் நடக்கிறது, தெருவுக்கு ஒரு சபை இருக்கிற தேசத்திலும் நடக்கிறது. அப்படியிருக்க ஏவாளை இழுத்து வந்து என்ன ஆகப்போகிறது?

என் தங்கச்சி மகள் அயர்லாந்தில் நர்ஸ். போன தடவை லீவில் வந்தபோது ஒரு கல்யாண ஆலோசனை வந்தது. புரோக்கர், பையனின் மாமா, மாமி மூன்று பேரும் வந்து உட்கார்ந்தார்கள். ஏத்தங்காய் வற்றலும் காப்பியும் வைத்தோம். "பவன் கணக்கெல்லாம் நாங்க கேக்கல்ல, அது ஒங்க இஷ்டம்," என்றார் மாமா. சரி, நல்ல குடும்பம்தான் என்று நினைத்தேன். அடுத்த கேள்வி, "பிள்ளைக்கு அங்க பி.ஆர். ஆயாச்சா?" அங்கேயே நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்துவிட்டதா என்று அர்த்தம். அதற்கடுத்தது, வீட்டு லோன் இன்னும் எவ்வளவு பாக்கி, அதை யார் அடைக்கிறார்கள். அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு அவளும் கேட்டாள். "அவரு அங்க வந்தா என்ன வேலைக்குப் போவாரு மாமா? எனக்கு நைட் டூட்டி உண்டு. சமைக்கத் தெரியுமா?" மாமி சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தார். மறுநாள் புரோக்கர் போன் பண்ணி, "பிள்ளைக்கு வாய் கொஞ்சம் கூடுதல் டீச்சர்," என்றார்.

"பெரியம்மை, நான் கேட்டதுல என்ன தப்பு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அவர்கள் விசாவைக் கேட்டார்கள், அவள் சோற்றைக் கேட்டாள், அவ்வளவுதான்.

இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு நம் சபைகள் வைத்திருக்கிற மருந்து என்ன? உபவாச ஜெபம். "திருமணத் தடை நீங்க" என்று சுவரொட்டி ஒட்டுவார்கள். கல்யாணம் ஆகாத பெண்களை முன்னால் வரச்சொல்லி, மண்டியிட வைத்து, தலையில் எண்ணெய் தடவி ஜெபிப்பார்கள். இருநூறு பேர் பார்க்க எழுந்து நடந்துபோக வேண்டும். அதே வயதுப் பையன்கள் கடைசி வரிசையில் சாய்ந்துகொண்டு போனைத் தடவிக்கொண்டிருப்பார்கள். அவர்களை யாரும் முன்னால் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஜெபத்தை நான் குறை சொல்லவில்லை, நானும் ஜெபிக்கிறவள்தான். ஆனால் தடை என்பது அந்தப் பிள்ளையின் தலையிலா இருக்கிறது?

தடை எங்கே இருக்கிறது என்று நம் எல்லாருக்கும் தெரியும். கன்னியாகுமரி மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பிலேயே பெண்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஜனத்தொகையில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் கிறிஸ்தவர்கள். பெண்களுக்குப் பள்ளி திறந்ததில் மிஷன்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று ஆண்டு விழாவுக்கு ஆண்டு விழா பெருமை பேசுகிறோம். அந்தப் பள்ளியில் படித்த பெண்ணின் கொள்ளுப்பேத்தி கல்யாணத்துக்கு இத்தனை பவன், இத்தனை சென்ட், ஒரு கார் என்று இன்னமும் பேசுகிறோம். சீதனம் வாங்கக் கூடாது என்று 1961-லேயே சட்டம் வந்துவிட்டது. நகை போடாத சபைகளில் என்ன செய்கிறார்கள் என்கிறீர்களா? அங்கே அது நிலமாகவும் பணமாகவும் போகிறது. கழுத்து வெறுமையாக இருக்கும், பத்திரம் கனமாக இருக்கும்.

பழைய திருவிதாங்கூரில் 1916-இல் ஒரு கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் வந்தது. மகனுக்குக் கிடைப்பதில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. சீதனம் கொடுத்திருந்தால் அதுவும் கிடையாது. மேரி ராய் என்ற ஒரு பெண் கோர்ட்டுக்குப் போய், 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது, மகளுக்கும் சமபங்குதான் என்று சொன்னது. திருவிதாங்கூராக இருந்த பூமி என்பதால் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிற நமக்கு அது பெரிய விஷயம். அப்போது கேரளத்தில் பல சபைத் தலைவர்கள் அதைக் கொண்டாடவில்லை. குடும்பம் உடையும் என்றார்கள். மகள்களை ஒதுக்கி உயில் எழுதிவைக்கச் சொல்லிக்கொடுத்தவர்களும் உண்டு. இன்றைக்கு நம் ஊரில் நடப்பதைப் பாருங்கள். கல்யாணத்துக்கு முன்னாலோ, சொத்துப் பாகம் பிரிக்கும்போதோ பிள்ளையை சப்-ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப்போய், சொத்தில் பங்கு வேண்டாம் என்று எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். கையெழுத்துப் போடாவிட்டால் "கூடப் பிறந்தவன் மேல பாசம் இல்லாதவ." தகப்பன் வீட்டில் பங்கு இல்லை, புருஷன் வீட்டில் கொண்டுவந்ததும் தன் பெயரில் இல்லை. அவளுக்கு என்று இருப்பது அவளுடைய சம்பளம் மட்டும். அதையும் தூக்கிக் கையில் கொடு என்றால் அவள் யோசிக்க மாட்டாளா?

இன்னொன்றையும் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய அம்மைமார் காலத்தில், புருஷன் அடித்தால்கூடக் கிறிஸ்தவப் பெண் விவாகரத்து வாங்குவது குதிரைக்கொம்பு. 1869-ஆம் வருஷத்துச் சட்டம் அது. கொடுமை மட்டும் போதாது, அவன் தவறான உறவு வைத்திருக்கிறான் என்றும் நிரூபிக்க வேண்டும். 2001-இல்தான் அதைத் திருத்தினார்கள். அதுவரை இரண்டு பேரும் மனமொத்துப் பிரியக்கூட நமக்கு வழி இருக்கவில்லை. சித்தியும் மாமியும் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறை இது.

கேரளத்து ஆயர்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பாலா மறைமாவட்டம் 2021-இல் ஐந்து பிள்ளைகளும் அதற்கு மேலும் உள்ள குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் என்று அறிவித்தது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. முதல் பிள்ளைக்கே தயங்குகிறவளிடம் ஐந்தாவதுக்குப் பணம் பேசுகிறார்கள். ஆனால் 2022-இல் தலச்சேரி பேராயர் ஜோசப் பாம்பிளானி சீதனம் வேண்டாம், குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்கும் சமபங்கு கொடுங்கள் என்று சபைகளுக்குக் கடிதம் எழுதினார். அவருடைய மற்றப் பேச்சுகள் எல்லாவற்றோடும் நான் ஒத்துப்போக மாட்டேன். இந்த ஒன்றுக்காகக் கும்பிடலாம். நம் பக்கம் அந்த மாதிரி ஒரு கடிதம் பலிபீடத்திலிருந்து வாசிக்க நான் கேட்டதில்லை.

கல்யாணம் வேண்டாம் என்றே முடிவு செய்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு சபையில் இடம் எங்கே? நாற்பது வயதில் ஒரு பேங்க் மேனேஜர். வாலிபர் சங்கத்தில் உட்கார்ந்தால் பக்கத்தில் பிளஸ் டூ பையன். பெண்கள் ஐக்கியத்துக்குப் போனால் மருமகள் கதை. தன் சம்பளத்தில் சபைச் சந்தா கட்டுகிறாள், ரசீது அப்பா பெயரில் வருகிறது. கல்யாண வீட்டில் பந்தியில் இருந்தால் "ஒனக்கு எப்ப மக்ளே?" அப்புறம் அவள் கோவிலுக்கு வருவதில்லை என்று அதற்கு வேறு ஒரு பிரசங்கம்.

இதே சபைதான், மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் ஊழியம் செய்த டோனாவூருக்கு வேன் பிடித்துப் போகிறது. அவருடைய கதையை ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறது. 1895-இல் இந்தியாவுக்கு வந்து, 1951-இல் இங்கேயே மரித்தவர், கல்யாணம் செய்யவில்லை. வேலூரில் பெண்களுக்கு 1918-இல் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடரும் கல்யாணம் செய்யவில்லை. பவுல் அப்போஸ்தலனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தன்னைப்போல் இருப்பது நல்லது என்று கொரிந்தியருக்கு எழுதியே வைத்துவிட்டார். வெள்ளைக்காரி கல்யாணம் செய்யாமல் இருந்தால் அர்ப்பணிப்பு, நம் வீட்டுப் பிள்ளை இருந்தால் தடை.

நான் போதகரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஓலை வாசிக்க ஞானஸ்நான சர்டிபிகேட் கேட்கிறீர்கள், சந்தா பாக்கி இல்லை என்று ரசீது கேட்கிறீர்கள். அதோடு சீதனம் பேசவில்லை, பெண்ணிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கவில்லை என்று இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போட்ட ஒரு தாளையும் வாங்கலாமே. கேரள அரசு 2021-இல் தன் ஆண் ஊழியர்களிடம் சீதனம் வாங்கவில்லை என்று எழுதிக் கேட்டது. மனைவி, மனைவியின் அப்பா, தன் அப்பா எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும். பொய்யாகவும் போடுவார்கள்தான். ஆனால் பிரச்சினை வந்தால் அந்தப் பெண்ணின் கையில் ஒரு தாள் இருக்கும்.

போதகர் நல்ல மனுஷன், மறுக்கவில்லை. "நம்ம சபையில கேட்டா பக்கத்துச் சபைக்குப் போயிருவாங்களே டீச்சர்," என்றார். அதுவும் நிஜம். எங்கள் ஜங்ஷனில் நின்று பார்த்தால் சி.எஸ்.ஐ., கத்தோலிக்கர், சால்வேஷன் ஆர்மி, பெந்தெகொஸ்தே எல்லாம் கூப்பிடு தூரத்தில். ஆனால் ஐக்கிய கிறிஸ்துமஸ் ஊர்வலத்துக்கு இவர்கள் எல்லாரும் ஒரே மேடையில் ஏறுகிறார்கள். தேர்தல் வந்தால் ஒன்றாக உட்கார்ந்து அறிக்கை விடுகிறார்கள். இந்தத் தாளுக்கும் ஒருநாள் உட்காரலாம் என்று அவரிடம் சொன்னேன். அடுத்த கமிட்டியில் வைக்கிறேன் என்றிருக்கிறார். கமிட்டியில் யார் யார் என்று உங்களுக்கே தெரியும், பாதிப் பேர் கல்யாண வயதில் மகன் உள்ளவர்கள். மகள் உள்ள மீதிப் பேர் அன்றைக்கு வாயைத் திறக்க வேண்டும், அதற்குத்தான் இதை இங்கே எழுதுகிறேன்.