குளக்கட்டு உடைகிற மாதிரித்தான்

"காலநிலை எந்தக் காலத்திலும் மாறினதுதானே, இதில மனிசன் என்ன செய்தவன்?" காலபோக நெற்செய்கை பிழைத்துப்போகிற வருசமெல்லாம் வன்னியில் இந்தக் கேள்வி எழும்பும். முதல் பாதி முழு உண்மை. அந்த உண்மையின் பின்னால் ஒளிந்துகொண்டு இரண்டாம் பாதியும் உள்ளே வந்துவிடுகிறது என்பதுதான் என் கவலை.

மாறியதுதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீற்றர் தாழ்ந்து கிடந்தது. மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கால்நடையாகவே போகக்கூடிய நிலம் அது. பனியுகங்களைத் தொடக்கி முடிப்பது பூமியின் ஓட்டம். பாதையின் நீள்வட்டம் ஏறத்தாழ 100,000 ஆண்டுக்கொருமுறை மாறும்; அச்சின் சாய்வு 41,000 ஆண்டில் 22.1 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே போய்வரும். அச்சும் பம்பரம்போலத் தலையாட்டும். இவற்றால் பூமிக்கு வருகிற மொத்த வெயில் பெரிதாகக் கூடிக் குறையாது. எந்தப் பருவத்தில், எங்கே விழுகிறது என்பதுதான் மாறும்.

இவ்வளவு சின்னத் தள்ளல் பூமியின் வெப்பநிலையை 5, 6 பாகை மாற்றியது எப்படி? குளத்தோடு வாழ்கிற சனத்துக்கு இதை விளக்குவது சுலபம். குளக்கட்டில் ஒரு நண்டு வளை. அதால் கசிகிற தண்ணீர் கொஞ்சம் மண்ணைக் கொண்டுபோகும். ஓட்டை பெருக்கும், தண்ணீர் கூடும், இன்னும் மண் போகும். விடியும்போது கட்டு இல்லை. நண்டு போட்டது ஒரு வளை மட்டும், கட்டை உடைத்தது தண்ணீர். இதுதான் நேர்ப் பின்னூட்டல். மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற வான் இதற்கு எதிர்: மட்டம் ஏற ஏறக் கூடப் பாய்ந்து, குளத்தைத் தானே அடக்கும்.

புதுப் பனி வெயிலில் 80 வீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். அது உருகித் திறக்கிற கடல் 6 வீதம் அளவே திருப்பும், மிச்சத்தை விழுங்கிச் சூடாகும், இன்னும் பனி உருகும். சூடான கடலால் காபனீரொட்சைட்டைப் பிடித்துவைக்கவும் ஏலாது. பனியுகம் முடிகிறபோது அந்த வாயு மில்லியனில் 180 பங்கிலிருந்து 280 ஆனதில் இதற்கும் பங்குண்டு. "முதலில் வெப்பம், பிறகுதான் வாயு" என்று காட்டி வாதாடுகிறவர்கள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அன்று வளையைப் போட்டது சுற்றுப்பாதை. இன்று வாயுவை நாங்களே முதலில் விட்டு 420-ஐத் தாண்டிவிட்டோம். நண்டு வளையோ மண்வெட்டி வெட்டோ, தண்ணீர் ஆள் பார்த்துப் பாயாது.

சூரியன்தான் காரணம் என்பதும் நிற்காது. அதன் 11 ஆண்டுச் சுழற்சியில் ஒளி மாறுவது 0.1 வீதம் அளவில். சூரியன் சூடாக்கினால் 20 கிலோமீற்றருக்கு மேலுள்ள வளியும் சூடாக வேண்டும், அது குளிர்ந்திருக்கிறது. எரிமலை? 1991-இல் பிலிப்பைன்ஸில் பினாத்துபோ வெடித்துப் பூமியை அரைப் பாகையளவு குளிர்வித்தது, இரண்டு மூன்று வருசத்தில் அது மேலே விட்ட கந்தகத் துகள்கள் அடங்கிவிட்டன. பசிபிக் கடல் சில வருசத்துக்கொருமுறை சூடாகிற எல் நினோ, கடலுக்குள் இருக்கிற வெப்பத்தை இடம் மாற்றுகிறது. எங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையைக் கூட்டிக் குறைக்க அது போதும், நூறாண்டு ஏற்றத்துக்குப் போதாது.

"நீராவிதானே பெரிய பச்சைவீட்டு வாயு?" என்பது நல்ல கேள்வி. ஒரு பாகை கூடினால் காற்று 7 வீதம் கூட நீராவியைத் தாங்கும், அது வெப்பத்தை இன்னும் பிடிக்கும். ஆனால் கூடின நீராவி பத்து நாளளவில் மழையாகிவிடும். காபனீரொட்சைட்டில் ஒரு பகுதி ஆயிரம் வருசத்துக்கும் மேல் கிடக்கும். நீராவி வளையால் பாய்கிற தண்ணீர், வளை அல்ல. காபனீரொட்சைட்டு இரட்டித்தால் தனியாக ஏறுவது ஏறத்தாழ 1.2 பாகை; பின்னூட்டல்கள் சேர்ந்தால் 2.5 முதல் 4 வரை.

பூமிக்கும் ஒரு வான் உண்டு: சூடு ஏறினால் அது விண்வெளிக்குக் கூட வெப்பத்தை விடும். கட்டு முழுதாகப் போகாமல் இருப்பது அதனால்தான். பாறை கரைந்து வாயுவை இழுக்கிற இன்னொரு வானும் உண்டு. அது வேலை செய்ய லட்சக்கணக்கான வருசம் வேண்டும்.

எங்கள் கைக்கெட்டுகிற பின்னூட்டல் மண் ஈரம். ஒரு ஏக்கர் வயலிலிருந்து நாளுக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானால் அது சுமார் 20,000 லீற்றர். அதற்குச் செலவாகிற வெப்பம் காற்றைச் சுடாது. மண் காய்ந்தால் அதே வெயில் முழுக்கக் காற்றைச் சுடும், சுட்ட காற்று மிச்ச ஈரத்தையும் உறிஞ்சும். ஆவணி வெயிலிலும் ஆழத்துத் தண்ணீரை இழுத்து ஊரைக் குளிர்விக்கிற பாலை, வீரை மரங்களை அழித்துவிட்டு "இயற்கை" என்று கைவிரிப்பதை ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை.

சின்னக் குளங்களைத் திருத்தும்போதும் இந்தக் கணக்கு வேணும். தூர்ந்த குளத்தில் அதே தண்ணீர் அகலமாக, ஆழமில்லாமல் நிற்கும். மேற்பரப்பு கூட, ஆவியாகிறதும் கூட. ஆகவே வண்டலை எடுத்து ஆழமாக்க வேண்டும். அடியில் இறுகிக் கிடக்கிற களிப்படையை மட்டும் பெக்கோ இயந்திரம் வெட்டக்கூடாது. வெட்டினால் ஆவியாகாத தண்ணீர் கீழே இறங்கிப் போகும். காற்று வருகிற பக்கத்துக் கரையில் அதை மறிக்கிற மருத மரங்களையும் விட்டுவையுங்கள்.