வேலிக்கு அந்தப் பக்கம் என் ரயில்

இன்று காலையும் என் ரயில் கண்ணெதிரே கிளம்பிப் போனது. நான் ஒன்றும் தாமதமாகக் கிளம்பவில்லை. பத்து நிமிடம் முன்பே வந்து ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

டோக்கியோ புறநகரில் ஒரு தனியார் ரயில் பாதையில் இருக்கிற சின்ன நிலையம் எங்களுடையது. நகருக்குள் போகும் ரயில், நான் குடியிருக்கிற பக்கத்து நடைமேடையில்தான் நிற்கிறது. தெருவுக்கும் அதற்கும் நடுவே ஒரு கம்பி வேலி, அவ்வளவுதான். ஆனால் டிக்கெட் வாசல் எதிர்ப்பக்கத்தில் மட்டுமே! கேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய், அட்டையை வைத்து உள்ளே நுழைந்து, படியேறி இறங்கி, மறுபடி இந்தப் பக்கமே வர வேண்டும்.

கேட் திறந்தால்தானே தாண்டுவதற்கு? நெரிசல் நேரத்தில் ஒரு மணிக்கு 40 நிமிடமோ அதற்கு மேலோ மூடிக் கிடக்கும் கேட்டுகளை இங்கே 'அகாசு நோ ஃபுமிகிரி' என்கிறார்கள். திறக்காத கேட் என்று அர்த்தம். கம்பத்தில், எந்தத் திசையில் ரயில் வருகிறது என்று காட்ட இரண்டு சிவப்பு அம்புக்குறிகள் இருக்கும். எக்ஸ்பிரஸ் நிற்காமல் பறக்கும், ஒரு அம்பு அணையும், எல்லோரும் சைக்கிள் பெடலில் கால் வைப்போம். அதற்குள் மற்ற அம்பு எரியத் தொடங்கிவிடும். மணிச் சத்தம் மட்டும் காதைத் துளைத்துக்கொண்டே இருக்கும்.

போன வாரம் கேட் திறந்ததும் ஒரு பாட்டி தள்ளுவண்டியோடு நடந்தார். பாதி தூரம்கூடப் போகவில்லை, மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. வண்டியின் முன்சக்கரம் தண்டவாள இடுக்கில் மாட்டிக்கொண்டது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் ஓடிப்போய் வண்டியைத் தூக்கினான், நான் பாட்டியின் கையைப் பிடித்து இழுத்தேன். கறுப்பும் மஞ்சளுமான அந்தக் கம்பு எங்கள் தலைக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் சேர்ந்ததும் பாட்டி குனிந்து குனிந்து எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

2005 மார்ச்சில் டோக்கியோவின் தகெனோத்சுகா நிலையத்தை ஒட்டிய கேட்டில், ரயில் வரும்போதே கேட் காவலர் கம்பை உயர்த்திவிட்டதால் இரண்டு பெண்கள் செத்துப்போனார்கள். அங்கே தண்டவாளம் முழுக்க மேம்பாலத்துக்கு ஏறியது 2022-இல். பதினேழு வருஷம்! டோக்கியோவிலேயே ஷிமோகிதாசாவா என்ற இடத்தில் 2013-இல் பாதையைப் பூமிக்கு அடியில் இறக்கியதும் கேட்டுகள் ஒழிந்தன. அதற்கெல்லாம் பெரும் பணம் வேண்டும், காலம் பிடிக்கும், சரி, புரிகிறது.

நான் மேம்பாலமா கேட்கிறேன்? இந்தப் பக்க வேலியில் ஒரு சின்ன வாசல், அட்டை வைக்க இரண்டு இயந்திரம். காலை நெரிசலுக்கு மட்டும் திறக்கிற வாசல் வேறு நிலையங்களில் இருக்கத்தானே செய்கிறது? நிலைய ஊழியரிடம் மூன்று முறை சொல்லிவிட்டேன். மூன்று முறையும் மரியாதையாகக் குனிந்து, மேலிடத்துக்குத் தெரிவிப்பதாகச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அந்த மேலிடத்தில் இருப்பவர்கள் ஒரே ஒரு நாள், காலை எட்டு மணிக்கு, அந்தப் பாட்டியின் வண்டியைத் தள்ளிக்கொண்டு இந்தக் கேட்டைத் தாண்டிப் பார்க்கட்டும்.